பதினாறு கட்டம், பத்துக் கட்டம்: ஹட்டனில் ஒரு மரியோ ஒப்பீடு

தைப்பொங்கலுக்கு மறுநாள், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள டிக்கோயாவில் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்ற காணொளி விளையாட்டில் வந்து நின்றது. மூன்றாம் உலகத்தின் முதல் நிலையில் வரும், சுத்தியல் எறியும் எதிரிகளான சுத்தியல் சகோதரர்களை நிற்காமல் ஓடியே கடந்துவிடலாம் என்றார் பெரியப்பா மகன், என் அண்ணன். பண்டாரவளையிலிருந்து வந்திருந்த சித்தி மகள், என் தங்கை, ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் நின்று, மேலே பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும் என்றாள்.

“மேலே எதற்குப் பார்க்க வேண்டும்? கண்முன்னாலேயே நிற்கிறார்களே” என்றார் அண்ணன்.

“கண்ணுக்குத் தெரிய மாட்டார்களே அண்ணே” என்றாள் தங்கை.

இருவர் சொன்னதும் உண்மைதான். அண்ணன் விளையாடியது 1985இல் வெளிவந்த மூல விளையாட்டின் நகலை, தொலைக்காட்சியில். தங்கை விளையாடியது அதே விளையாட்டைக் கைக்கருவிக்காக மறுபடி செய்து 1999இல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்’. ஒரே நிலைகள், ஒரே ஆமைகள், ஒரே காளான்கள். ஆனாலும் இருவர் கையிலும் இருந்தது வேறு வேறு திறமை. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இரண்டு கருவிகளையும் தேடியெடுத்து இரண்டு நாள் அவர்களை இடம்மாற்றி விளையாடச் சொன்னேன். ஹட்டனில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் கருவியின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க முடிந்தது.

முதலில் அண்ணனின் கதை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வண்ணத் தொலைக்காட்சி இருந்தது ஒரே ஒரு காம்பராவில், அதாவது ஒரே ஒரு வீட்டு அறையில். ஒரு மாமா கொழும்பில் கடையில் வேலை பார்த்துத் திரும்பியபோது ‘டிவி கேம்’ ஒன்றைக் கொண்டுவந்தார். ஜப்பானின் ஃபேமிகொம் கருவியைப் பார்த்துச் செய்த நகல் அது. கேசட்டின் மேல் பல இலட்சம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவை கைவிரல்களால் எண்ணக்கூடியவை. ஒரே மரியோவை வேறு வேறு பெயரில், வேறு வேறு நிலையிலிருந்து தொடங்கும்படி அடுக்கிவைத்திருந்தார்கள். பிள்ளைகள் இஸ்தோப்பு என்ற வெளித்திண்ணை வரை நிறைந்து நிற்பார்கள். ஒருவர் செத்தால் அடுத்தவர் கைக்குப் போகும். அண்ணன் அங்கேதான் கற்றார். பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், தான் விளையாடிய நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

தங்கையின் கதை வேறு. சித்தி குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தார். 2001இல் விடுமுறையில் வந்தபோது ஊதா நிறக் கேம் போய் கலர் கைக்கருவி ஒன்றும் இந்த ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். வேறு கேசட் கிடைக்கவேயில்லை. சித்தி திரும்பிப் போன பிறகு தங்கை அதைத் தனியாகவே விளையாடினாள்.

இனித் திரைக்கு வருகிறேன். மற்ற எல்லா வேறுபாடும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

மூலத்தின் படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்டது. செங்கல், கேள்விக்குறிப் பெட்டி, தரை என்று எல்லாமே 16 புள்ளிக் கட்டங்களாக அமைந்தவை. ஆக ஒரு பார்வைக்குள் அகலவாக்கில் 16 கட்டம், உயரவாக்கில் 15 கட்டம் அடங்கும். கேம் போய் கலரின் திரை 160க்கு 144. அதே கட்டத்தால் அளந்தால் அகலம் 10, உயரம் 9. 240 கட்டங்கள் இருந்த இடத்தில் 90 கட்டங்கள். எட்டில் மூன்று பங்கு.

மறுபடி செய்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. படத்தைச் சுருக்கி முழுவதையும் காட்டலாம், அல்லது உருவங்களின் அளவை அப்படியே வைத்து ஒரு பகுதியை மட்டும் காட்டலாம். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். 2004இல் இதே விளையாட்டு கேம் போய் அட்வான்ஸ் கருவிக்கு வந்தபோது முதல் வழியைப் பிடித்தார்கள். அங்கே படம் மேலிருந்து நசுங்கி, மரியோ குட்டையாகத் தெரிவார். சின்ன மரியோ ஒரே ஒரு கட்டம் உயரமுள்ளவர். 16 புள்ளிக்குள் தொப்பி, மீசை, சப்பாத்து எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார்கள். அதை இன்னும் சுருக்கினால் முகம் கரைந்துவிடும். டீலக்ஸ் செய்தவர்கள் உருவத்தைக் காப்பாற்ற இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தீர்மானம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

விலை என்னவென்று விநாடியில் சொல்லலாம். பொத்தானை அழுத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடும் மரியோ, மூலத்தில், ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை மாறுவதற்குள், இரண்டரைப் புள்ளி நகர்கிறார். விநாடிக்கு 60 சட்டகம் என்றால் 150 புள்ளி. அவர் திரையின் நடுவில் நிற்பதாகக் கொண்டால் மூலத்தில் முன்னே தெரிவது 128 புள்ளி. அதாவது ஒரு பள்ளமோ ஆமையோ கண்ணில் பட்டு காலடிக்கு வர 0.85 விநாடி. கைக்கருவியில் முன்னே தெரிவது 80 புள்ளி, நேரம் 0.53 விநாடி. தாவலின் உயரமும் ஓட்டத்தின் வழுக்கலும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதை விரல் உடனே உணர்கிறது. பள்ளமும் அதே அகலம்தான். மாறியிருப்பது முன்னறிவிப்பு.

எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. இலங்கைத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்குகிறது, விநாடிக்கு 50 சட்டகம். அதற்கேற்றபடி செய்த நகல் கருவிகளில் பெரும்பாலானவை 60க்கு எழுதிய விளையாட்டை 50இல் ஓட்டின. ஓட்டமும் இசையும் ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கின. அண்ணனின் பழைய பெட்டியை என் கடையில் வைத்துக் கைக்கடிகாரத்தால் அளந்தேன். மூலத்தில் நேரக் கணக்கு 24 சட்டகத்துக்கு ஒரு முறை குறையும். 400இலிருந்து 300க்கு இறங்க 40 விநாடி ஆக வேண்டும். இந்தப் பெட்டியில் 48 விநாடி ஆயிற்று. ஆக லயத்துப் பிள்ளைகள் ‘அசல்’ என்று நினைத்து விளையாடியது அசலைவிட மெதுவானது. முன்னே தெரியும் நேரமும் அதற்கேற்றபடி நீண்டு, ஒரு விநாடிக்குச் சற்று மேலாகிறது. அண்ணனுக்கு ஒரு விநாடி, தங்கைக்கு அரை விநாடி. சுத்தியல் சகோதரர்களைப் பற்றிய சண்டை இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

இடம்மாற்றி விளையாடியபோது நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் கைக்கருவியை வாங்கியதும் வழக்கம்போல் ஓட்டப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டார். முதல் நிலையில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடியவர். ஆனால் அங்கேயே ஒரு சின்னத் தடுமாற்றம். முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் ஓர் உயிர் தரும் பச்சைக் காளான் இருக்கிறது. அண்ணன் அதை எப்போதும் ஒரே தாவலில் எடுப்பார். இப்போது மூன்று முறை வெறுங்காற்றை முட்டினார். பிறகு அவரே காரணம் கண்டுபிடித்தார்: “பள்ளத்தைப் பார்த்துத்தான் நான் இடம் பிடிப்பேன். இதில் பள்ளம் இன்னும் வரவேயில்லை.” பெட்டியின் கீழே நிற்கும்போது பள்ளம் திரையின் விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டாக அந்தப் பெட்டியின் இடத்தை மனப்பாடம் செய்திருப்பதாக அவர் நம்பியிருந்தார். உண்மையில் அவர் மனத்தில் இருந்தது ஒரு முழுப் படம். படத்தின் வலது பாதியை எடுத்துவிட்டதும் இடது பாதியும் நழுவிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் நின்று நின்று போகத் தொடங்கினார். எட்டாம் உலகத்தின் முதல் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது அந்தி சாய்ந்துவிட்டது. அங்கே அகலமான பள்ளங்கள் வரிசையாக வரும், நேரமோ 300தான். நின்றால் நேரம் போதாது, ஓடினால் பள்ளம் தெரியாது. அன்றிரவு அவரால் அதைத் தாண்ட முடியவில்லை.

தங்கையிடம் இதைக் கேட்டேன், நீ எப்படித் தாண்டினாய் என்று. நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு மூடுபனியில் பஸ் ஓட்டும் சாரதி வளைவைப் பார்த்தா திருப்புகிறார் என்று திருப்பிக் கேட்டாள். இந்தக் கல்லுக்குப் பிறகு இத்தனை எண்ணி வலப்பக்கம், அந்தக் கோயிலுக்குப் பிறகு இடப்பக்கம் என்று அவருக்குக் கையிலேயே இருக்கும். அவளும் அப்படித்தான் எண்ணிவைத்திருக்கிறாள். கடைசிக் குழாயிலிருந்து குதித்து இறங்கியதும் எத்தனை மூச்சு ஓட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளம் கண்ணில் படும் நேரத்தில் அவள் ஏற்கெனவே காற்றில் இருப்பாள்.

அவள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபோது எதிர்மாறாக நடந்தது. முதல் பத்து நிமிடம் அவள் மோசமாக விளையாடினாள், வேகம் ஒத்துவரவில்லை. மரியோவின் கால் தரையைத் தொடும் முன்பே அவள் விரல் அடுத்த தாவலுக்கு அழுத்திவிடும். இந்த விளையாட்டு அப்படி முந்தி அழுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ளாது. தாவல் வராது, நேரே பள்ளத்துக்குள். 60இல் பழகிய கை 50இல் படும் பாடு அது. பழகிய பிறகு, மூன்றாம் உலகத்தின் முதல் நிலையில் அந்தச் சகோதரர்கள் நிற்கும் இடத்துக்கு வந்தாள். தன்னையறியாமல் மேல் பொத்தானை அமுக்கினாள். கைக்கருவியில் மேலும் கீழும் அமுக்கினால் பார்வை நகரும். மறுபடி செய்தவர்கள் சின்னத் திரைக்குக் கொடுத்த ஈடு அது. தொலைக்காட்சியில் ஒன்றும் நகரவில்லை, நகரத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு அடுக்குச் செங்கல், சகோதரர் இருவர், கீழே தரை எல்லாம் ஒரே படத்தில் நின்றன. அவள் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு சுத்தியல் விழுந்து மரியோ சாகும் வரை.

மேலடுக்கு ஏன் கைக்கருவியில் மறைந்தது என்பதைக் கட்டம் போட்டுப் பார்த்தால் புரியும். தரை இரண்டு வரிசை. அதற்கு மேல் மூன்று வரிசை வெறுமை, நான்காவதில் முதல் அடுக்குச் செங்கல். மறுபடி மூன்று வெறுமை, அதற்கு மேல் இரண்டாம் அடுக்கு. தரையோடு சேர்த்து எண்ணினால் இரண்டாம் அடுக்கு பத்தாவது வரிசையில் விழுகிறது. திரைக்கு இருப்பதோ ஒன்பது. தரை முழுவதும் தெரிந்தால் மேலடுக்கு தெரியாது, மேலடுக்கு தெரிந்தால் தரையில் ஒரு வரிசை போய்விடும். ஒரே ஒரு வரிசைதான் குறைகிறது. ஆனால் மூலத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸூகாவும் இந்த இரண்டு அடுக்கு அமைப்பைத்தான் முதல் நிலையிலிருந்தே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மேலே போவதா கீழே போவதா என்று ஓடும்போதே தீர்மானிப்பதுதான் விளையாட்டு. ஏழாம் உலகத்தின் நான்காம் நிலையான 7-4 கோட்டையில் மேல், நடு, கீழ் என்று மூன்று பாதைகளில் சரியான வரிசையைப் பிடிக்க வேண்டும், தவறினால் அதே இடத்துக்குத் திரும்ப வருவோம். மூன்று பாதையையும் ஒன்றாகப் பார்க்க முடியாதபோது அது வேறொரு புதிராகிவிடுகிறது.

மூலம் எவ்வளவு சிக்கனமான கட்டுமானம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிரலும் படங்களும் சேர்ந்து மொத்தம் 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. 32 நிலைகளும், கோஜி கொண்டோவின் இசையும் இந்த அளவுக்குள் அடக்கம். அவ்வளவு இறுக்கமாகக் கட்டியவர்கள் திரையில் எந்தக் கட்டத்தையும் வீணாக வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு காட்சியும் 16க்கு 15 என்ற சட்டத்துக்குள் ஒரு முழு ஓவியம்போல் அமைந்திருக்கிறது. அதிலிருந்து 10க்கு 9ஐ வெட்டியெடுத்துத் தருவதை என்னால் அதே விளையாட்டு என்று ஏற்க முடியவில்லை. நிலைகளை வரிசையாக ஓடி முடிக்கும் கதைப் பகுதியைப் பொறுத்தவரை மூலமே மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் டீலக்ஸ் கேசட்டில் கதைப் பகுதி மட்டும் இல்லை. தங்கை அதிகம் விளையாடியது சவால் பகுதியை. நிலைதோறும் ஐந்து சிவப்பு நாணயங்களும் ஒரு யோஷி முட்டையும் ஒளிந்திருக்கும், எட்ட வேண்டிய ஒரு புள்ளிக் கணக்கும் உண்டு. ஓடுகிறவனுக்கு இவை கிடைக்காது. நடந்து, நின்று, மேலே பார்த்து, செங்கலைத் தட்டித் தேட வேண்டும். சின்னத் திரை இங்கே குறையாகவே தெரியவில்லை. பார்வைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்பதுதானே தேடலுக்குச் சுவை. இந்தத் திரையில் ஓட்டத்துக்கு என்ன நேரும் என்று அறிந்தவர்கள், அதே நிலைகளை வைத்து அந்தத் திரைக்குப் பொருந்தும் இன்னொரு விளையாட்டைச் செய்துவைத்தார்கள் என்றே நான் படிக்கிறேன். இந்தக் கேசட்டைப் பாராட்டுவதென்றால் இதற்காகத்தான் பாராட்ட வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரு இலட்சம் புள்ளி எடுத்தால் பூ என்ற பேயோடு ஓட்டப்பந்தயம் திறக்கும். மூன்று இலட்சம் எடுத்தால் ஜப்பானில் 1986இல் வந்த கடினமான இரண்டாம் பாகம் திறக்கும். அதிலும் அந்த ஜப்பானியப் பாகத்தில் வீசும் காற்று இல்லை, ஒன்பதாம் உலகமும் அதற்கப்பால் எழுத்துப் பெயர் கொண்ட உலகங்களும் இல்லை. மரியோவின் தம்பி லுயிஜிக்குத் தனி உருவம் கிடைத்தது. மூலத்தில் அவர் நிறம் மாறிய மரியோ மட்டுமே. நிலைகளுக்கு இடையே கறுப்புத் திரைக்குப் பதில் ஒரு வரைபடம். இரண்டு பேர் கம்பியால் இணைத்துப் போட்டியிடவும் வழியுண்டு, ஆனால் அதற்கு இரண்டு கருவியும் இரண்டு கேசட்டும் வேண்டும். பண்டாரவளையில் அவளுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

சேமிப்பைப் பற்றித்தான் மெதுவாகச் சொல்ல வேண்டும். மூலத்தில் சேமிக்க முடியாது. உயிர் எல்லாம் போனால் முதல் நிலை. தலைப்புத் திரையில் ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு தொடக்கப் பொத்தானை அமுக்கினால் செத்த உலகத்தின் முதல் நிலையிலிருந்து தொடரலாம். எங்கள் லயத்தில் அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. மின்சாரம் போனால் அந்த வழியும் போயிற்று. 1996இல் மழை பொய்த்து நாடு முழுவதும் மின்வெட்டு வந்தபோது, மின்சாரம் தரும் காசல்ரீ நீர்த்தேக்கம் வற்றிக் கிடப்பதை மலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருட்டில் இருந்தோம். அண்ணன் எட்டாம் உலகத்தில் நின்ற மாலைகளில் இரண்டு முறை விளக்கு அணைந்ததை இன்றும் சொல்வார். கடைசிக் கோட்டையை அவர் முடித்தபோது அவருக்கு வயது பதினேழு.

தங்கைக்கு இரண்டு பேனாப் பற்றரி போதும். நிலை முடிந்தால் கேசட் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கேம் போய் கலரின் திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. வெளியிலிருந்து விழும் ஒளியில்தான் படம் தெரியும். பள்ளி விடுமுறைக்கு இரயிலில் ஹட்டனுக்கு வரும்போது அவள் யன்னலோரம் பிடித்து உட்காருவாள். இதல்கஸ்ஹின்னவுக்கும் ஒஹியவுக்கும் இடையே அடுத்தடுத்துச் சுரங்கங்கள். இரயில் ஊதும்போதே தொடக்கப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவாள், வெளிச்சம் வந்ததும் மறுபடி அமுக்குவாள். கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கம் வந்தால் கருவியைப் பையில் வைத்துவிடுவாள், அடுத்தது ஹட்டன் என்பதால். மரியோ காற்றில் தொங்கிக்கொண்டிருக்க எத்தனை சுரங்கங்களைக் கடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

பொங்கலுக்கு அவள் கருவியைக் கொண்டுவந்ததற்குக் காரணம் வேறு. கேசட்டுக்குள் இருக்கும் நாணயப் பற்றரி இறந்துவிட்டது. சேமித்ததெல்லாம் போய்விட்டது. கேசட்டைத் திறந்து பார்த்தேன். பற்றரியின் இரு பக்கத்திலும் பற்றவைத்த தகடுகள், ஒன்றின் மேல் வெண்மையாகப் பூத்திருந்தது. ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். அரை மணி நேர வேலை. சித்தி குவைத்துக்குத் திரும்பிப் போன அந்த ஆண்டு முதல் அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்த சிவப்பு நாணயங்களை மட்டும் திருப்பித் தர வழியில்லை. அவள் அதை முன்பே அறிந்திருந்தாள். “வேலை செய்தால் போதும் அண்ணே” என்றாள்.

மறுநாள் பண்டாரவளைக்குப் புறப்படும்போது கருவியை அண்ணனிடமே விட்டுப் போனாள். அவர் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து அண்ணன் கடைக்கு வந்து, என் தொலைபேசியில் அவளை அழைத்தார். கதைப் பகுதியை விட்டுவிட்டு முதல் நிலையின் சவாலில் இறங்கியிருந்தார். நான்கு சிவப்பு நாணயம் கிடைத்துவிட்டது, ஐந்தாவதைக் காணவில்லை, நாலு தடவை முழுவதும் ஓடிப் பார்த்துவிட்டேன் என்றார்.

அந்தப் பக்கத்தில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. “ஓடாதீர்கள் அண்ணே. ஓரிடத்தில் நின்று மேல் பொத்தானை அமுக்குங்கள்.”